கத்தரீனா சவர்: ஒரு புளிப்பு பீர் போட்டி மேசைக்கு வந்த வழி

புதிதாக ஒரு பீர் வகை பிறந்துவிட்டது என்று யார் சொன்னால் அது கணக்கில் சேரும்? தயாரித்தவர் சொன்னால் போதாது, குடித்தவர் சொன்னாலும் போதாது. வீட்டில் பீர் தயாரித்துப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: பி.ஜே.சி.பி. வழிகாட்டியில் அந்த வகைக்கு ஒரு பக்கம் இருக்கிறதா, இல்லையா?

பி.ஜே.சி.பி. என்பது பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு. 1985-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கு ஏழு வருடம் முன்புவரை அந்த நாட்டில் வீட்டு பீருக்கே சட்டத்தில் இடமில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் மறு வருடம் பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர் வரை வரியில்லாமல் தயாரிக்கலாம் என்று ஆனது. (நம் ஊரில் அதில் ஒரு குடம் செய்தாலும் மதுவிலக்குப் போலீஸ் வாசலில் நிற்கும். அது வேறு கதை.) இன்று பல நாடுகளில் நடக்கும் வீட்டு பீர் போட்டிகள் பி.ஜே.சி.பி. வழிகாட்டியை வைத்தே மதிப்பெண் போடுகின்றன. 2008-க்குப் பிறகு அதன் பெரிய திருத்தம் 2015-ல் வந்தது, அடுத்தது 2021-ல். பீர் மோகமோ வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது.

இந்த இடைவெளிக்குள் ஒரு புது வகை எப்படி நுழைகிறது என்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, பழம் போட்ட புளிப்பு பீரான பிரேசிலின் கத்தரீனா சவர். பொதுவாக எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் மங்கலான ஐ.பி.ஏ., அதாவது ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ தூக்கலான பீரின் தெளியாத வடிவம். அதையும் பார்ப்போம், ஆனால் ஒப்பிட மட்டும். பிரேசில்காரர்கள் செய்ததில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மேசையில் என்ன நடக்கிறது

முதலில் போட்டி நடக்கும் விதம். நடுவர்களுக்கு பீரைத் தயாரித்தவர் பெயர் தெரியாது. பதிவு எண்ணும், எந்த வகையில் சேர்த்திருக்கிறார் என்பதும் மட்டும் தெரியும். குறைந்தது இரண்டு பேர் ஒரே பீரைத் தனித்தனியாகச் சுவைத்து 50-க்கு மதிப்பெண் போடுவார்கள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்தமாக 10. இருவர் மதிப்பெண்ணும் ஏழுக்கு மேல் விலகியிருந்தால் பேசி நெருங்கி வர வேண்டும்.

பேசும்போது இருவருக்கும் நடுவில் இருப்பது வழிகாட்டியின் அந்த ஒரு பக்கம்தான். "இது நல்ல பீரா?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. "இந்த வகை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்களே, அந்த வகையில் இது எவ்வளவு நல்லது?" என்பதுதான் கேள்வி. அதனால் பக்கம் இல்லாத வகைக்கு மேசையில் பேச்சே எழாது. பரிசோதனை பீர் என்ற கடைசிப் பிரிவில் போட்டு, தன் பீர் எப்படி இருக்க வேண்டும் என்று அனுப்புகிறவரே விளக்கம் எழுத வேண்டும். அந்த மேசையில் மிளகாய் போட்டது, புகையூட்டியது, பீப்பாயில் ஊறியது என்று எல்லாம் வரும். அவற்றை எதோடு எதை ஒப்பிடுவது என்று நடுவர்கள் திணறுவார்கள்.

2015 வழிகாட்டியின்படி பழம் போட்ட ஒரு லேசான புளிப்பு பீரை எங்கே சேர்த்திருக்கலாம் என்று பார்த்தால் சிக்கல் புரியும். பெர்லினர் வைஸ என்ற பழைய ஜெர்மன் புளிப்பு பீர் பிரிவு இருந்தது. ஆனால் அது 2.8 முதல் 3.8 சதவீதம் ஆல்கஹால் கொண்ட மெல்லிய பீர், அந்தப் பிரிவில் பழத்துக்கு இடமில்லை. பழ பீர் பிரிவு இருந்தது, ஆனால் புளித்த பீர்களை வேறு பக்கம் அனுப்பச் சொன்னது. மிஞ்சியது காட்டு ஈஸ்ட் பீர்களின் சிறப்புப் பிரிவு. அங்கே பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் கிளப்பும் தொழுவ வாசனையோடு, ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த பீர்கள் வரும். அவற்றில் நாலைந்தைக் குடித்த நாக்குக்கு, மூன்று வாரத்தில் தயாரான கொய்யா பீர் தண்ணீராகத்தான் தெரியும். பீரில் குறையே இல்லாவிட்டாலும் அது தோற்கும்.

2015 நவம்பர், சாந்தா கத்தரீனா

சாந்தா கத்தரீனா பிரேசிலின் தெற்கே உள்ள சிறிய மாநிலம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய பகுதி. 1850-ல் உருவான புளூமெனாவ் நகரத்தில் இன்றும் ஜெர்மன் பாணிக் கட்டிடங்களைப் பார்க்கலாம். பெருவெள்ளங்களால் நொந்துபோயிருந்த அந்த ஊர் 1984-ல் அக்டோபர்ஃபெஸ்ட் கொண்டாடத் தொடங்கி, அதை நாட்டின் பெரிய பீர் திருவிழாவாக வளர்த்துவிட்டது. ஆக பீர் மரபுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது முழுக்க இறக்குமதியான மரபு. ஜெர்மன் லாகர், ஜெர்மன் கோதுமை பீர், பிற்பாடு அமெரிக்க ஐ.பி.ஏ. எதுவும் அந்த மண்ணில் உருவானதல்ல. கோடை வெயிலுக்கு ஏற்றது என்று சொல்லும்படியும் பெரிதாக எதுவும் இல்லை.

2015 நவம்பரில் அந்த மாநிலத்தில் ஒரு பட்டறை நடந்தது. தொழில்முறை பீர் தயாரிப்பாளர்களும் வீட்டில் தயாரிப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இரண்டு நோக்கம் இருந்தன: அந்த ஊர் வெக்கைக்குக் குடிக்க ஏதுவாக இருக்க வேண்டும், அந்த ஊர்ப் பழங்கள் அதில் சேர வேண்டும். அதற்கு முன்பே தனித்தனியாகச் சிலர் பழம் போட்ட புளிப்பு பீர் செய்திருந்தார்கள். பட்டறை எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அங்கே செய்தது, "இதுதான் அது, இதற்கு வெளியே போனால் அது வேறு" என்று எல்லை போட்டதுதான். மாநிலத்தின் பெயரைப் பழைய எழுத்துமுறையில் பீருக்கும் வைத்தார்கள்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பீர் பிரபலமாகும், பலர் நகலெடுப்பார்கள், வருடங்கள் கழித்து யாராவது வரையறை எழுதுவார்கள். இங்கே வரையறை முதலில் வந்தது, பீர் பரவியது அப்புறம்.

அந்த வரையறையைப் பிரித்துப் பார்த்தால் அதன் சாமர்த்தியம் தெரியும். பில்ஸ்னர் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி) கோதுமையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஆல்கஹால் 4 முதல் 5.5 சதவீதம், பெர்லினர் வைஸவுக்கு மேலே, ஆனால் இரண்டாவது கிளாஸைத் தடுக்காத அளவு. கசப்பு 2 முதல் 8 ஐ.பி.யு. (பீரின் கசப்பை அளக்கும் அலகு), அதாவது நாக்குக்கு எட்டாத அளவு. புளிப்பு சுத்தமாக இருக்க வேண்டும், காட்டு ஈஸ்ட் வாசனை கூடாது. பழம் புதிதாக இருக்க வேண்டும், வேகவைக்கக் கூடாது. பீரை மோந்ததும் என்ன பழம் என்று தெரிய வேண்டும். மசாலாவோ மூலிகையோ சேர்க்கலாம், ஆனால் பழத்தை மீறக் கூடாது.

ஒவ்வொரு விதியும் ஒரு சிக்கலைத் தீர்த்து வைக்கிறது. புளிப்புக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கொதிகலனிலேயே புளிக்க வைக்கும் முறை. மால்ட்டை ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை 40 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்துக்கு ஆறவிட்டு, லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவைச் சேர்த்து மூடி வைப்பார்கள். நம் வீட்டுத் தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. ஒன்றிரண்டு நாளில் பி.ஹெச். (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 3.5-க்குப் பக்கத்திலோ கீழேயோ இறங்கும். அப்புறம் மறுபடி கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். ஆறிய பின் சாதாரண ஏல் ஈஸ்ட், நொதிப்பு முடியப் போகும் நேரத்தில் பழம்.

வீட்டில் தயாரிப்பவருக்கு இதில் இரண்டு லாபம். பிரெட்டனோமைசிஸ் ஒருமுறை பிளாஸ்டிக் வாளிக்குள்ளும் குழாய்க்குள்ளும் புகுந்துவிட்டால் அடுத்து செய்யும் எல்லா பீரையும் கெடுத்துவிடும் என்ற பயம் உண்டு. இங்கே பாக்டீரியா கொதியிலேயே போய்விடுவதால் அந்த பயம் இல்லை. இரண்டாவது, காலம். காட்டு ஈஸ்ட்டில் புளிக்கும் பெல்ஜியத்து லாம்பிக் பீர் போல வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், சில வாரத்தில் பாட்டிலில் அடைத்துவிடலாம். கசப்பு குறைவாக இருப்பதும் ருசிக்காக மட்டும் எழுதிய விதியல்ல. கசப்பு தரும் ஹாப்ஸ் லாக்டோபேசில்லஸை அடக்கிவிடும், ஆகையால் புளிக்கும் முன் அதைச் சேர்க்க முடியாது. முறையும் சுவையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தப்பு செய்வது கடினமாக இருக்கும்படி ஒரு வகையை வடிவமைத்தால் அதைப் பலர் செய்வார்கள், பலர் செய்தால் போட்டிக்கு வரும்.

பழங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தின் அடித்தண்டிலேயே ஒட்டிக் காய்க்கும் கருநீல ஜபுதிக்காபா, கொய்யாவின் தம்பி மாதிரியான அராசா, பேஷன் ஃப்ரூட், மாம்பழம், பீச். ஜபுதிக்காபா, அராசா, நம் நாவல், கொய்யா எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். கொய்யாவும் அன்னாசியும் நமக்கு வந்ததே அந்தக் கண்டத்திலிருந்துதான். இந்த பீரைப் பற்றிப் படிக்கும் தமிழருக்கு அதன் வாசனையைக் கற்பனை செய்வதில் ஜெர்மானியரைவிடச் சிரமம் குறைவு.

2018: ஒரு பக்கம் கிடைத்தது

பட்டறை நடந்து மூன்று வருடம் ஆகும் முன்பே, 2018-ல், பி.ஜே.சி.பி. கத்தரீனா சவரைத் தற்காலிக வகையாக ஏற்றது. பிரேசிலிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் பீர் வகை இது.

தற்காலிக வகை என்பது இரண்டு பெரிய திருத்தங்களுக்கு நடுவில் விடும் ஏற்பாடு. முழு வழிகாட்டியையும் மாற்றாமல் புது வகைக்கு மட்டும் ஒரு பக்கம் வெளியிடுவார்கள். தோற்றம், மணம், சுவை, வரலாறு, பொருட்கள், பிற வகைகளோடு ஒப்பீடு, அளவுகள், கடையில் கிடைக்கும் உதாரணங்கள் என்று மற்ற வகைகளுக்கு உள்ள அதே அமைப்பு. போட்டி நடத்துபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டறையின் வேலை இங்கேதான் பயன்பட்டது. பி.ஜே.சி.பி. பக்கம் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் ஏற்கனவே ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தது. பெர்லினர் வைஸவிலிருந்து எப்படி வேறு? வலிமை கூடுதல், பழம் உண்டு. லாம்பிக்கிலிருந்து? புளிப்பு குறைவு, பிரெட்டனோமைசிஸ் இல்லை. பழ பீரிலிருந்து? புளிப்பு அடிப்படை, வேகவைக்காத புதுப் பழம். கடை உதாரணமும் ஒன்றிரண்டு அல்ல: லோன் பீர் நிறுவனத்தின் ஜபுதிக்காபா, புளூமெனாவ் நிறுவனத்தின் பீச் என்று பல தயாரிப்பாளர்கள் ஒரே வரையறைக்குள் வேறு வேறு பழத்தோடு செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். உதாரணம் ஒரே நிறுவனத்துடையது என்றால் அது அந்த நிறுவனத்தின் தயாரிப்பு, அவ்வளவுதான். போட்டி நிறுவனங்கள் சேர்ந்து அதையே செய்யும்போதுதான் அதை வகை என்று சொல்ல முடிகிறது.

வீட்டில் தயாரிப்பவர்கள் பட்டறையில் இருந்தது அலங்காரத்துக்காக அல்ல. பிரேசிலில் அசெர்வா என்ற பெயரில் மாநிலம் மாநிலமாக வீட்டு பீர் சங்கங்கள் இருக்கின்றன. போட்டிகளில் போட்டியாளராகவும், பயிற்சி எடுத்த நடுவராகவும் வருவது இதே ஆட்கள். எல்லை எங்கே என்று ஒத்துக்கொண்டவர்களே மதிப்பெண்ணும் போடும்போது, வரையறை காகிதத்தில் தூங்கிக் கிடக்காது.

வெர்மான்ட் வழி

இப்போது அந்த மங்கலான ஐ.பி.ஏ. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் கிம்மிக், ஜென் கிம்மிக் தம்பதி 2003-ல் வாட்டர்பரி என்ற சிற்றூரில் தி ஆல்கெமிஸ்ட் என்ற மதுக்கூடத்தைத் திறந்தார்கள். ஜான், பர்லிங்டன் நகரத்து கிரெக் நூனனிடம் வேலை பார்த்தவர். 2004-ல் அவர் முதலில் செய்த ஹெடி டாப்பர் வடிகட்டாத, ஹாப்ஸ் வாசனை தூக்கலான 8 சதவீத டபுள் ஐ.பி.ஏ., அதாவது வலிமை கூடிய ஐ.பி.ஏ. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் மதுக்கூடத்தை அழித்தது. சில நாட்களிலேயே அவர்களது புதிய ஆலையில் கேன்கள் வரத் தொடங்கின. கேனிலேயே குடியுங்கள் என்று அதன் மேல் அச்சடித்திருக்கும். பீரின் மங்கலைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு அது நல்ல மருந்துதான். அப்புறம் மாசசூசெட்ஸில் ட்ரீ ஹவுஸ், டிரில்லியம் போன்றவர்கள் இதை இன்னும் மென்மையாக, பழச்சாறு போல ஆக்கினார்கள்.

கடை வாசலில் மணிக்கணக்கில் வரிசை நின்ற அந்த வருடங்களில், இதே பீரை வீட்டில் செய்து போட்டிக்கு அனுப்பியவர் அமெரிக்க ஐ.பி.ஏ. பிரிவில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. மங்கல்தான் மதிப்பெண்ணைத் தின்றது என்று பலர் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது சரியில்லை. தோற்றத்துக்கு மொத்தமே 3 மதிப்பெண். அதில் முழுவதையும் இழந்தாலும் பெரிய சேதமில்லை. உண்மையான அடி சுவையில் விழுந்தது. அமெரிக்க ஐ.பி.ஏ. பக்கம் 40 முதல் 70 ஐ.பி.யு. கசப்பையும் வறண்ட முடிவையும் எதிர்பார்த்தது. இந்த பீர் வேண்டுமென்றே கசப்பைக் குறைத்து, ஓட்ஸும் கோதுமையும் போட்டு வாயைக் கனமாக நிரப்பியது. பிற்பாடு இதற்கென்று எழுதிய தற்காலிக வரையறையில் கசப்பு 25-ல் தொடங்கியது. பழைய பக்கத்தை வைத்துக்கொண்ட நடுவர் சுவையில் 20-க்கு 11 போட்டால் அவர் மேல் தப்பில்லை.

2018-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் தன் பட்டியலில் இதைச் சேர்த்தது, பி.ஜே.சி.பி.யின் தற்காலிகப் பக்கமும் அதையொட்டிய காலத்தில்தான் வந்தது. அந்த வருடம் வணிகத் தயாரிப்பாளர்களுக்கான கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் போட்டியில் மங்கலான ஐ.பி.ஏ. பிரிவுக்கு மட்டும் 391 பீர்கள் வந்தன. முதல் வருடத்திலேயே மற்ற எல்லாப் பிரிவையும் மிஞ்சிவிட்டது. ஹெடி டாப்பரிலிருந்து கணக்கிட்டால் பதினாலு வருடக் காத்திருப்பு.

தாமதத்தை முழுக்கக் குறையென்று நான் சொல்ல மாட்டேன். ஹெடி டாப்பரில் கசப்பு நன்றாகவே தெரியும். 2010-ல் யாராவது ஒரு பக்கம் எழுதியிருந்தால் அந்தக் கசப்பையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள், பின்னால் வந்த மென்மையான பீர்கள் அந்தப் பக்கத்துக்கு வெளியே நின்றிருக்கும். வகை எங்கே போய் நிலைகொள்ளும் என்று தெரிய அந்தக் காலம் தேவைப்பட்டது. கத்தரீனாவுக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் எங்கே நிற்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

அவசரத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2017 கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் கிம் ஸ்டர்டிவன்ட் என்பவர், மிச்சச் சர்க்கரையை எல்லாம் உடைத்துப்போடும் நொதி ஒன்றைச் சேர்த்து, ஷாம்பெயின் போல வறண்ட புரூட் ஐ.பி.ஏ.வைச் செய்தார். 2018-ல் நாடு முழுக்க அதே பேச்சு. 2021 வழிகாட்டியில் அதற்கு இடம் கிடைத்தபோது மதுக்கூடங்களில் அதைத் தேட வேண்டியிருந்தது.

2021-ல் கிடைத்ததும் கிடைக்காததும்

2021 திருத்தத்தில் மங்கலான ஐ.பி.ஏ.வுக்கு முதன்மைப் பட்டியலிலேயே 21சி என்று தனி எண் கிடைத்தது. தற்காலிகப் பக்கத்தில் முன்னால் ஒட்டியிருந்த நியூ இங்கிலாந்து என்ற வட்டாரப் பெயரையும் கழற்றிவிட்டார்கள். கத்தரீனா சவர் பின்னிணைப்பிலேயே நின்றது, அர்ஜென்டினாவின் டொராடா பாம்பியானா, நியூசிலாந்தின் பில்ஸ்னர் ஆகியவற்றோடு, உள்ளூர் வகைகள் என்ற தலைப்பின் கீழ். பக்கம் அதே தரம்தான், எழுத்தில் குறை இல்லை. ஆனால் போட்டிக்கு வரும் பீர்களில் பெரும்பங்கு இன்னும் அமெரிக்காவில்தான் ஊற்றப்படுகிறது. அங்கே எது குவிகிறதோ அதற்கு எண் கிடைக்கிறது. நல்ல வரையறை இருந்தால் பக்கம் கிடைத்துவிடும். எண்ணுக்கு எண்ணிக்கை வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அதே 2021-ல் 'ஸ்ட்ரெயிட் சவர்' என்று ஒரு புது வகை முதன்மைப் பட்டியலில் ஏறியது: பெர்லினர் வைஸவைவிட வலிமையான, காட்டு ஈஸ்ட் இல்லாத, சுத்தமான லாக்டிக் புளிப்பு பீர், பழம் இல்லாமல். கத்தரீனா சவரிலிருந்து பழத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். அடிப்படைக்கு எண் வந்தது, அதன் மேல் கட்டிய பிரேசில் பீருக்கு வரவில்லை.

நடைமுறையில் இதன் விளைவு போட்டி நடத்துபவரின் கையில். பிரேசிலில் இதற்குத் தனி மேசை போடும் அளவுக்கு பீர்கள் வரும். வேறு நாட்டில் இரண்டோ மூன்றோ வந்தால் மற்ற புளிப்பு பீர்களோடு ஒரே மேசையில் சேர்த்துவிடுவார்கள், அப்போது மறுபடியும் பீப்பாயில் ஊறியவற்றின் பக்கத்தில் கொய்யா பீர் உட்கார வேண்டியதுதான். இருந்தாலும் 2018-க்கு முன்பிருந்த நிலை இல்லை. நடுவர் கையில் அந்தப் பக்கம் இருக்கும். பதிவுப் படிவத்தில் என்ன பழம் என்று அனுப்புகிறவர் எழுதியே ஆக வேண்டும், அந்தப் பழம் மோந்ததும் தெரிகிறதா என்று நடுவர் பார்த்தே ஆக வேண்டும். இது ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று ஒரு நடுவர் கேட்டால், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடுத்தவர் வரியைக் காட்டலாம்.